பத்தாம் வகுப்பு போட்டோவும் பாடு முறையும்

எங்கள் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் 38 பேர் இருக்கிறோம். 2001-ல் எடுத்தது. வாட்ஸ்ஆப் குரூப்பில் இருப்பது 31 பேர். மீதி ஏழு பேரில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. மூன்று பெண்கள் கல்யாணமாகிப் போனவர்கள், நம்பர் யாரிடமும் கிடையாது. ஒருத்தன் குரூப்பில் சண்டை போட்டுவிட்டு வெளியேறினவன். (காரணம் அரசியல். வேறென்ன.) ஏழாவது ஆள் மேல் வரிசையில் வலது ஓரத்தில் நிற்கிறான். மெலிந்த பையன். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது. கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறான். அவன் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

போன மாதம் அந்த முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, "இவன் யாருடா?" என்று குரூப்பில் கேட்டேன். ராத்திரி பதினோரு மணி வரை மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. யார் யாருக்கு லெட்டர் கொடுத்தது, யார் பரீட்சையில் யாரைப் பார்த்து எழுதி ரெண்டு பேரும் ஃபெயில் ஆனது, கபடி மேட்ச்சில் யாருக்குப் பல் உடைந்தது, எல்லாம் வந்தது. வட்டத்துக்குள் இருந்தவனைப் பற்றி மட்டும் ஒரு வரி வரவில்லை.

இந்தக் குறிப்பு அதிலிருந்துதான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் யார் பிரபலம், யார் யாரோடு சேருவார்கள் என்பதைப் பற்றி ஏராளமான ஆராய்ச்சி நடந்திருக்கிறது, பெரும்பாலும் அமெரிக்காவில். அதையெல்லாம் எடுத்து எங்கள் பழவேற்காட்டு வகுப்பறை மேல் வைத்தால் எது பொருந்தும், எது பொருந்தாது என்று பார்க்க ஆசை வந்தது.

ஊர் தெரியாதவர்களுக்கு நாலு வரி. சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டிப் போனால் பழவேற்காடு. உப்புநீர் ஏரி. இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்து இதுதான் பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு முனை மட்டும் நம்முடையது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டும்போது மதராஸ் என்று ஒரு நகரமே கிடையாது. இப்போது கோட்டை இடத்தில் முள்ளுக்காடு. சுற்றிலும் குப்பங்கள். ஏரியில் தொழில் செய்கிற குப்பம், கடலில் தொழில் செய்கிற குப்பம், பஜார் பக்கம் முஸ்லிம் தெருக்கள், தலித் கிராமங்கள், கரையோரம் இருளர் குடிசைகள். அத்தனை இடத்திலிருந்தும் பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் படகிலும் வந்து சேருகிற இடம் பள்ளிக்கூடம்.

எங்கள் அப்பா பஜாரில் தங்கூசி, வலை நூல், மிதவை விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். எல்லாக் குப்பத்து ஆட்களும் எங்கள் கடையில் கடன் சொல்லியிருப்பார்கள். அதனால் நான் எந்தக் கூட்டத்திலும் முழுசாக இல்லை, எந்தக் கூட்டமும் என்னைத் துரத்தவும் இல்லை. இந்த மாதிரி விஷயங்களை வேடிக்கை பார்க்க வசதியான இடம் அது.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம்.

ஒரு வகுப்பில் யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு புள்ளியாக வைத்து, புள்ளிகளுக்கு நடுவில் அம்புக்குறி போடுகிற பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் ஜேக்கப் மொரீனோ. ருமேனியாவில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் படித்து, அமெரிக்கா போன மனநல மருத்துவர். 1934-ல் இதைப் புத்தகமாகவே போட்டார். இன்றைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று நாம் பேசுகிற "நெட்வொர்க்" படத்துக்கெல்லாம் ஒருவகையில் அதுதான் தாத்தா.

நானும் ஒரு சார்ட் பேப்பர் வாங்கி 38 புள்ளி வைத்தேன். மத்தியான இடைவேளையில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டோம் என்பதை மட்டும் கணக்கில் எடுத்தேன். பழைய பிள்ளைகள் நாலு பேருக்கு போன் போட்டு சரிபார்த்தேன். முடிந்ததும் தள்ளி வைத்துப் பார்த்தால், அது அசப்பில் ஏரியின் மேப் மாதிரியே இருந்தது. கோட்டைக்குப்பம் பிள்ளைகள் ஒரு கொத்து. நடுவூர் மாதா குப்பம் பக்கத்தில் இன்னொரு கொத்து. கடல் பக்கக் குப்பங்கள் தனி. பஜார் பிள்ளைகள் தனி. சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்றவர்கள் தனி, டப்பா கொண்டுவந்தவர்கள் தனி. பெண்களுக்கு இதே படம் கொஞ்சம் மங்கலாக, கோடு தாண்டிய அம்புகள் சில கூடுதலாக. ஜடை பின்னிவிடுவது, பூ பங்கு போடுவது, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுப்பது என்று அவர்களுக்குக் குப்பம் தாண்டிப் பழக வழி இருந்தது. பையன்களுக்கு அது கிடையாது.

அமெரிக்க ஹைஸ்கூல் சினிமாவில் வருகிற மாதிரி விளையாட்டுக்காரர்கள் கூட்டம், படிப்பாளிகள் கூட்டம் என்றெல்லாம் எங்களுக்குப் பிரியவில்லை. முதலில் குப்பம். அதற்குள்ளேதான் மற்றதெல்லாம்.

ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் 1957-58-ல் இல்லினாய் மாநிலத்தில் பத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஆய்வு செய்து 1961-ல் ஒரு புத்தகம் எழுதினார். பையன்களிடம் அவர் கேட்ட ஒரு கேள்வி: இந்தப் பள்ளியில் நீ எப்படி நினைவில் நிற்க ஆசைப்படுகிறாய், நன்றாகப் படித்தவனாகவா, விளையாட்டு வீரனாகவா, எல்லாருக்கும் பிடித்தவனாகவா? விளையாட்டுதான் முந்தியது. ஏன் என்பதற்கு கோல்மன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்த ஒன்று. மேட்ச்சில் ஒருத்தன் ஜெயித்தால் பள்ளி மொத்தமும் ஜெயித்த மாதிரி. ஆனால் ஒருத்தன் நூற்றுக்கு நூறு வாங்கினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் அறுபது இன்னும் சின்னதாகத் தெரியும். அதனால் கூட்டம் முதலாமவனைத் தோளில் தூக்கும், இரண்டாமவனைக் கிண்டல் பண்ணும்.

எங்கள் வகுப்பிலும் கபடி கேப்டன்தான் ராஜா. ஆனால் அவன் ராஜா ஆனது கபடியால் மட்டும் இல்லை. சனி ஞாயிறில் அப்பாவோடு ஏரிக்குப் போவான். திங்கட்கிழமை அவன் பாக்கெட்டில் அவனே சம்பாதித்த பணம் இருக்கும். ஐஸ் வண்டிக்காரரிடம் பத்துப் பேருக்கு வாங்கித் தருவான். பதினைந்து வயசில் அவன் பாதி ஆம்பளை, நாங்கள் எல்லாம் குழந்தைகள். கோல்மன் பார்த்த ஊர்களில் பிள்ளைகள் வளர்ந்தவர்களின் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டு, தங்களுக்குள்ளேயே ஒரு சமூகம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூட ஜன்னலைத் திறந்தால் ஏரிக்காற்று வரும், அந்தக் காற்றோடு ஏரியில் யார் பெரியவர் என்பதும் சேர்ந்து வரும்.

அதனால் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் எறா ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்துக்கு அருகில், நீரோட்டம் உள்ள இடங்களில்தான் வலை நிறையும். எல்லாரும் அங்கேயே போய் வலை கட்டினால் வெட்டுக்குத்துதான். அதனால் அந்த இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் விழுந்தவர் அடுத்த முறை வேறு இடத்துக்கு நகரணும். படகு பெரிசா சின்னதா, ஆள் யார், மாமன் யார், எதுவும் சீட்டுக்குத் தெரியாது. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லாமல் ஊரே நடத்துகிற ஏற்பாடு. செபாஸ்டியன் மேத்யூ இதைப் பற்றி எழுதிய ஆய்வை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1991-ல் வெளியிட்டது. பொதுச் சொத்தை ஜனங்கள் தாங்களாகவே நிர்வகிக்க முடியும் என்பதற்கு உதாரணமாக உலகம் பூராவும் பேசப்படுகிற முறைகளில் இதுவும் ஒன்று. எங்கள் ஊருக்கு இது பெருமைதான். நானே பல பேரிடம் அலட்டியிருக்கிறேன்.

ஆனால் சீட்டில் யார் பெயர் இருக்கும்? வழிவழியாக இந்த உரிமை கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் என்ற மூன்று குப்பங்களுக்கு. அதிலும் பட்டினவர் சாதி. அதிலும் ஆண்கள். பட்டியலுக்குள் இருப்பவர்களுக்குள் அப்படி ஒரு சமத்துவம், வேறெங்கேயும் பார்க்க முடியாது. பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஏரியில் மிச்ச இடம். கூட்டம் கூடி யாரையும் "நீ வராதே" என்று சொல்வதில்லை. பெயர் இல்லை, அவ்வளவுதான். சாரா கூல்தார்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2008-ல் பழவேற்காட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாடு இருப்பவர், இல்லாதவர் என்ற பிரிவு வருமானத்தோடு நிற்காமல் அந்தஸ்தாகவும் இருப்பது அதைப் படித்தால் புரியும். எங்கள் கபடி கேப்டன் பாடு வீட்டுப் பையன் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இனி ஒரு மாதக் கதை.

பத்தாவது அரையாண்டு முடிந்து வந்ததும் எங்கள் கிளாஸ் சார் ஒரு காரியம் செய்தார். சாக்பீஸ் டப்பாவில் 38 துண்டுச் சீட்டைப் போட்டுக் குலுக்கி, வரும் நம்பர்படி பெஞ்சில் உட்காரச் சொன்னார். "சார், பாடு போடுறீங்களா சார்?" என்று பின்னாடியிருந்து ஒருத்தன் கேட்க, கிளாஸே சிரித்தது. சாரும் சிரித்தார். ஆனால் அவர் போட்ட சீட்டில் 38 பெயரும் இருந்தது. அந்த வித்தியாசம் எனக்கு உறைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

எனக்குப் பக்கத்தில் விழுந்தவன் மேல் வரிசை வலது ஓரத்துப் பையன்.

இருளர் பையன். அவன் வீட்டில் வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் தடவி எறா பிடிப்பார்கள். பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, பிடிக்கிற எறாவை ஒவ்வொன்றாக அதற்குள் போடுவார்கள். எண்ணூர் வரைக்கும் இந்தத் தொழில் உண்டு. ஒருநாள் நான் கேட்டேன் என்று பெஞ்ச் மேலேயே செய்து காட்டினான். "கைய விரிக்காத, குவிச்சு வை. எறா பின்னாடிதான் துள்ளும், அதனால பின்னாடி கை தயாரா இருக்கணும்" என்றான். உண்மைதான், எறா ஆபத்து என்றால் வாலை மடக்கிப் பின்பக்கமாகத்தான் பாயும். அந்த ஒரு மாதத்தில் அவன் நிறையப் பேசினான். சிரிப்புக் காட்டுவான். சார் மாதிரியே பேசுவான். இரண்டரை வருஷம் அதே அறையில் இருந்தவன் இவன்தானா என்று இருந்தது.

ஒரு மாதம்தான். சில வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து சாரிடம் பேசினார்கள் என்று கேள்வி. என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை எல்லாரும் பழைய இடத்துக்குப் போய்விட்டோம். நானும்தான். எழுந்து போகும்போது அவனிடம் ஏதாவது சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்ன மாதிரி ஞாபகம் இல்லை.

1982-ல் கோயி, டாட்ஜ், கோப்பொடெல்லி என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு கேள்வி: உனக்கு ரொம்பப் பிடித்த மூணு பேர் யார், சுத்தமாகப் பிடிக்காத மூணு பேர் யார்? பதில்களைக் கூட்டினால் பிள்ளைகள் ஐந்து வகையாகப் பிரிகிறார்கள். நிறையப் பேருக்குப் பிடித்தவர்கள். நிறையப் பேருக்குப் பிடிக்காதவர்கள். சரிபாதிக்குப் பிடித்தும் சரிபாதிக்குப் பிடிக்காமலும் போகிறவர்கள், அநேகமாக வகுப்பின் ரவுடியோ கோமாளியோ. நடுவாந்திரமாக இருப்பவர்கள். ஐந்தாவது வகை, இரண்டு பட்டியலிலுமே பெயர் வராதவர்கள். பிடிக்கும் என்றும் யாரும் சொல்லவில்லை, பிடிக்காது என்றும் சொல்லவில்லை. கண்ணுக்கே படாதவர்கள்.

இதற்கு முன்னால் பிரபலத்தை ஒரே ஏணியாகத்தான் நான் நினைத்திருந்தேன். மேலே கபடி கேப்டன், கீழே எல்லாரும் ஓட்டுகிற ஒருத்தன் (எங்கள் வகுப்பில் அவன் இன்று வாட்ஸ்ஆப் குரூப் அட்மின், நன்றாகவே இருக்கிறான்). எல்லாரும் ஓட்டுகிறவனும் பட்டியலில் இருப்பவன்தான். அவன் வராத நாளில் "எங்கடா அவன்?" என்று கேட்போம். ஐந்தாம் வகை ஆளுக்கு ஏணியில் கடைசிப் படிகூடக் கிடையாது. அவன் ஏணிக்கு வெளியே நிற்கிறான்.

கோயி இன்னொருவரோடு சேர்ந்து 1983-ல் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பையன்களைச் சின்னச் சின்னக் குழுவாக விளையாட விட்டுப் பார்த்தார்கள். வகுப்பில் எல்லாருக்கும் பிடிக்காமல் போனவன், முன்பின் தெரியாத பையன்கள் நடுவில் கொண்டுபோய் விட்டாலும் கொஞ்ச நாளில் அங்கேயும் அதே பெயர் வாங்கினான். ஆனால் கண்ணுக்குப் படாதவன் புது இடத்தில் மாறிப்போனான், கலகலப்பாகப் பழகினான். அதாவது அமைதி அவன் சுபாவம் இல்லை, அந்த அறையில் அவனுக்கு இருந்த இடம் அப்படி. சாக்பீஸ் டப்பா அந்த மாதத்தில் செய்தது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. என் ஒருத்தன் அனுபவத்தை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனாலும் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பிரபலத்தைப் பற்றி இன்னொரு குட்டி விஷயம், சொல்லாமல் விட மனசில்லை. "யார் பிரபலம்?" என்று கேட்டால் வருகிற பெயரும், "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டால் வருகிற பெயரும் பெரும்பாலும் வேறு வேறு என்று 1998-ல் பார்க்கர்ஸ்ட், ஹாப்மேயர் என்ற இருவர் காட்டினார்கள். குரூப்பில் சோதித்துப் பார்த்தேன். முதல் கேள்விக்கு கேப்டன் பெயர் மழையாகக் கொட்டியது. இரண்டாவது கேள்விக்கு வந்தது, எல்லாருக்கும் ரெக்கார்டு நோட் வரைந்து கொடுத்த ஒரு பெண்ணின் பெயர். கேப்டன் அதற்கு ஒரு ஹார்ட்டின் போட்டான்.

கேப்டன் பத்தாவது பாஸ். பிளஸ் ஒன் சேரவில்லை. ஏரிக்குப் போனான், பிறகு துறைமுக வேலைக்குக் காண்ட்ராக்டில் போனான். அவனோடு அவன் பெஞ்சில் இருந்த நாலு பேரும் அதே ஜூன் மாதம் நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் சொன்னார்கள், ஒருத்தனுக்கு அப்பா உடம்பு, ஒருத்தனுக்குக் கடன். எல்லாம் நிஜமான காரணங்கள்தான். ஆனால் ஒரே மாதத்தில் ஏன்? மொரீனோவுக்கு இதே மாதிரி ஒரு புதிர் வந்தது. 1932-ல் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில், பெண் பிள்ளைகளுக்கான ஒரு சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். ஒவ்வொருத்தியின் சுபாவத்தையும் தனித்தனியாகப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. அம்புக்குறிப் படத்தைப் போட்டுப் பார்த்தபோது ஓடினவர்களுக்கு நடுவில் கோடுகள் இருந்தன. ஓடலாம் என்ற எண்ணம் அந்தக் கோடு வழியாகப் போயிருக்கிறது.

கேப்டன் நின்றபோது ஊரே பேசியது. சார் ரெண்டு தடவை அவன் வீட்டுக்கு நடந்தார், அவன் அம்மாவிடம் கெஞ்சினார். அதே ஜூனில் சேற்றில் தடவுகிற பையனும் பிளஸ் ஒன் வரவில்லை. அவனோடு கோடு யாருக்கும் இல்லை, அதனால் அவன் போனபோது எந்தக் கோடும் அசையவில்லை. அவன் பரீட்சை எழுதினானா, பாஸா, சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் நின்றானா (இருளர் வீடுகளில் அது தீராத அலைச்சல்), எதுவும் தெரியாது. மூன்று வருஷம் கழித்து சுனாமி வந்தபோது தமிழ்நாட்டுக் கரை நெடுக இதுவேதான் நடந்தது. நிவாரணம் மீனவர் பஞ்சாயத்துகளின் பட்டியல் வழியாகப் போன இடங்களில், அந்தப் பட்டியலில் இல்லாத இருளர்களும் தலித்துகளும் விட்டுப்போனார்கள்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளியில் சாதி அடையாளக் கயிறு கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த பரிந்துரை. மாணவர்களைப் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அப்போது பல பேர் சிரித்தார்கள், உட்காருகிற இடத்தை மாற்றினால் சாதி போய்விடுமா என்று. போகாது. எங்கள் பள்ளியில் கயிறே கிடையாது, "எந்தக் குப்பம்?" என்ற ஒரு கேள்வியே போதும். ஆனால் ஒரு மாதம் பெஞ்ச் மாறியதில் என்ன நடந்தது என்று பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. நாற்பது பிள்ளைகள் வருஷம் பூரா அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

அகர வரிசை என்றதும்தான் எனக்கு அட்டெண்டன்ஸ் ஞாபகம் வந்தது. எங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து வரிசை, முதலில் பையன்கள், பிறகு பெண்கள். நான் ஒன்பதாவது நம்பர். எட்டாவது யார் என்று தெரியும், பதினொன்றாவது யார் என்று தெரியும், இரண்டு பேருமே குரூப்பில் இருக்கிறார்கள். இடையில் பத்தாவது அவன்தான். மூன்று வருஷம் தினமும் காலையில் எனக்கு அடுத்ததாக "உள்ளேன் ஐயா" சொன்னது அவன். அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது, கொஞ்சம் கரகரப்பாக, அவசரமாக. அதற்கு முன்னால் சார் கூப்பிட்ட பெயர் மட்டும் இல்லை. என் பெயரைக் கூப்பிட்டு முடித்ததும் நான் கேட்பதை நிறுத்தியிருக்கிறேன்.